பதறாத நேரத்து ரத்தம்

மர்பி டவுனில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், ஒரு கார் ஷெட்டில் கிளினிக் வைத்திருந்த கால்நடை டாக்டரை ஏரியாவில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. கன்னடக்காரர்கள் 'நாளே பா டாக்டர்' என்றார்கள். ஒரு காலத்தில் பெங்களூரில் ஏதோ பேய் வீடு வீடாக வந்து கதவைத் தட்டுகிறது என்று வதந்தி கிளம்பி, ஜனங்கள் வாசல் கதவில் 'நாளே பா', அதாவது நாளைக்கு வா, என்று எழுதிவைத்தார்கள். பேய் அதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுமாம். டாக்டரும் எங்களையெல்லாம் அப்படித்தான் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். தமிழ்க்காரர்கள் அதையே 'நாளைக்கு டாக்டரம்மா' என்று மாற்றிக்கொண்டார்கள். கோபம் வந்த நாட்களில் நான் வேறு மாதிரியும் சொல்லியிருக்கிறேன். அதை அச்சில் போட முடியாது.

என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஓசூர் பக்கத்துப் பெண். சுடிதார் முழங்கால் வரை நாய் ரோமம். கையில் எந்நேரமும் ஒரு பொட்டலம் காங்கிரஸ் கடலை இருக்கும். மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் போட்டு இந்த ஊர் பேக்கரிகளில் விற்கிற தோல் நீக்கிய கடலை அது. கிளினிக்கில் மேஜை கிடையாது. வாடகைக்கு வந்தபோது இருந்த மேஜையையும் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டார்.

"உங்கள தூக்கி ஒரு ஆள் ஒசரத்துல வச்சுட்டு ஒருத்தர் ஊசியோட வந்தா எப்டி இருக்கும் அக்கா?" என்று என்னிடம் கேட்டார். பிரசவ வார்டில் எனக்கு அப்படித்தான் செய்தார்கள் என்றேன். "அப்போ உங்க பிளட் பிரஷர் எவ்ளோ இருந்துச்சுன்னு கேட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

தரையில் ஒரு கயிற்றுப் பாய். டாக்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். வந்திருக்கிற நாயையோ பூனையையோ பார்க்கவே மாட்டார். போனில் எதையோ படிப்பார், கடலை கொறிப்பார். நாம் நோயை விவரித்துக்கொண்டே இருப்போம், அவர் 'ம்' கொட்டிக்கொண்டே இருப்பார். நாய் ஷெட்டை ஒரு சுற்று மோந்து பார்த்துவிட்டு, தானாக அவர் பக்கத்தில் வந்து படுத்தால்தான் வைத்தியம் தொடங்கும். படுக்கவில்லையென்றால், உயிர் போகிற காரியமாக இல்லாத வரைக்கும், நாளைக்கு வாங்க. தீபாவளி வாரத்தில் 'ரத்தப் பரிசோதனை கிடையாது' என்று மூன்று மொழிகளில் அட்டை தொங்கும். வெடிச் சத்தத்தில் நடுங்குகிற உடம்பிலிருந்து எடுக்கிற ரத்தம், உடம்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது, வெடியைப் பற்றித்தான் சொல்லும் என்பார்.

எங்கள் சர்ச் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவருடைய பூனைக்கு வேறெங்கோ சர்க்கரை வியாதி என்று சொல்லிவிட்டார்கள். டீச்சர் இன்சுலினும் கையுமாக, பூனையைக் காய்கறிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடி, ஆட்டோவில் வந்து இறங்கினார். பைக்குள்ளிருந்து வந்த சத்தத்தை வைத்தே டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். மறுநாள் தானே அவர் வீட்டுக்குப் போய், பூனை ஜன்னலில் வெயில் காய்ந்து கண் செருகியிருந்த நேரம் பார்த்துக் காது நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தாராம். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. "பூனைக்குப் பயந்தாலே சக்கரை ஏறும் டீச்சர். இது பைக்குள்ள வந்த சக்கரை" என்றாராம். டீச்சர் இதை ஏதோ அற்புதம் மாதிரி சர்ச் வாசலில் எல்லோரிடமும் சொன்னார். நானும் கேட்டுத் தலையாட்டினேன். காதில் விழுந்தது மண்டையில் ஏறவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

இப்போது அந்த ஷெட்டில் தோசை மாவு விற்கிறார்கள். டாக்டர், கணவருக்கு வேலை மாற்றலாகி மங்களூர் பக்கம் போய்விட்டார்.

எங்கள் நாய் ஜூலி, சர்ச்சுக்குப் பின்னால் குட்டியாகக் கிடந்து என் வீட்டுக்கு வந்தவள். பிரவுன் நிறம், ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். டாக்டர் இங்கே இருந்தபோது ஒரு வருஷம் அவளுக்கு வயிறு தொங்கியது. விலாப் பக்கம் ரோமம் உதிர்ந்து தோல் தெரிந்தது. நாளெல்லாம் படுத்தே கிடந்தாள், எழுந்தால் தண்ணீர்ப் பாத்திரத்தைக் காலி செய்தாள். எனக்கு எதுவும் புரியாமல் போகவில்லை, அதுதான் வம்பு. எனக்கே தைராய்டு உண்டு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவள். குண்டாவது, முடி கொட்டுவது, சோம்பல் என்று எல்லாவற்றுக்கும் எனக்கு ஒரே பதில்தான். பாத்திரம் தேய்க்க வருகிற பெண்ணுக்குக்கூட நான் தைராய்டு இருப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அவள் அடுத்த மாதம் குழந்தை பெற்றாள்.

டாக்டரிடம் போனால் நாளைக்கு என்பார் என்று, வீட்டுக்கு வந்து விலங்குகளுக்கு ரத்தம் எடுக்கும் லேப் ஒன்றுக்கு நானே போன் செய்தேன். அவர்கள் வந்தது வேலை நாள் காலை. குக்கர் விசில் அடிக்கிறது, எனக்கு மெட்ரோவுக்கு நேரமாகிறது. என் கணவர் பின்கால்களைப் பிடிக்க, நான் என் துப்பட்டாவால் ஜூலியின் வாயைக் கட்டி, "ஆடாதடீ, ஆடாதடீ" என்று கத்தினேன். பயத்தில் அவள் ஹாலிலேயே மூத்திரம் போய்விட்டாள். அதற்கும் கத்தினேன். அறிக்கை வந்தது. தைராய்டு குறைவு. நானே பரீட்சை எழுதிப் பாஸான மாதிரி இருந்தது எனக்கு.

அன்று சாயங்காலமே அறிக்கையைக் கொண்டுபோய் டாக்டரிடம் நீட்டினேன். "ஜூலிக்கு தைராய்டு, டாக்டர். எவ்ளோ குடுக்கணும்னு மட்டும் சொல்லுங்க. மாத்திரை என்கிட்டயே இருக்கு."

அவர் அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பாய்மேல் வைத்து, அதன்மேல் கடலைப் பொட்டலத்தை வைத்தார். "ரத்தம் எடுக்கறப்போ ஜூலி எப்டி இருந்தா?"

"எப்டி இருப்பா? நாய் மாதிரிதான் இருந்தா."

"நீங்க எப்டி இருந்தீங்க?"

"நான் எதுக்கு டாக்டர்? ரத்தம் என்னுதா?"

அவர் சிரிக்கவில்லை. கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "தைராய்டு தானா வேலை செய்யாதுக்கா. மூளைலேர்ந்து அதுக்கு சிக்னல் வரணும். பயம், வலி, சீக்குன்னு ரொம்ப நாளைக்கு இருந்தா உடம்புல வேற ஒரு ஹார்மோன் ஏறும், கார்டிசால்னு. அது ஏறிட்டா மூளை இந்த சிக்னலைக் கொறைச்சுடும். இப்போ உயிரைக் காப்பாத்தறதுதான் வேலை, அடுப்பை சிம்ல வைன்னுடும். அப்போ ரத்தத்துல அளவு கம்மியாத்தான் காட்டும். சுரப்பி பாவம், நல்லாத்தான் இருக்கும்."

"அப்போ அன்னைக்குக் காலைல பயந்ததுலதான் கொறைஞ்சுதா?"

"அதான் எனக்கு இடிக்குது. ஒரு நாள் பயத்துல இவ்ளோ கொறையாது. ரொம்ப நாளா எங்கேர்ந்தோ ஏறிட்டு இருக்கு. வீட்ல இன்னாக்கா நடக்குது?"

எனக்குச் சுருக்கென்றது. நாய்க்கு மீனை முள் நீக்கி ஊட்டுகிற வீடு அது. "ஒண்ணும் நடக்கல" என்றேன். "சரி, நாளைக்கு வாங்க. ஜூலிக்குப் போடறது, தடவறது, குடுக்கறது எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க" என்றார். வீட்டுக்கு வந்து கணவரிடம் அரை மணி நேரம் பொரிந்து தள்ளினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்க கேட்டதுல தப்பில்லையே" என்றார். அன்றைக்கு அவருக்குச் சாம்பாரில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

மறுநாள் ஒரு கட்டைப்பை நிறையக் கொண்டுபோனேன். சோப்பு, பவுடர், பூச்சி மாத்திரை, பிஸ்கட். எல்லாவற்றையும் எடுத்து ஒதுக்கியவர், அடியில் கிடந்த டியூபை எடுத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் எப்போதும் இருக்கும் டியூப் அது. படை, அரிப்பு, கொசுக்கடி, அக்கி, எதுவாக இருந்தாலும் அதுதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்ட உடனே கொடுத்துவிடுவார்கள், சீட்டெல்லாம் கேட்பதில்லை. போன மழைக்காலத்தில் ஜூலி வயிற்றைச் சொறிய ஆரம்பித்ததும் தடவத் தொடங்கினேன். அரிப்பு நின்றது. விட்டால் மறுபடி வந்தது. அதனால் விடவில்லை. காலையில் கிளம்புமுன் ஒரு பூச்சு, சாயங்காலம் வந்ததும் ஒரு பூச்சு. அவள் நக்கிவிடுவாள். நக்கிவிட்டாளே என்று இன்னொரு பூச்சு. பொறுப்பான ஆள் நான்.

டாக்டர் டியூபைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பொடி எழுத்தைப் படித்தார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. கார்டிசாலுக்கு அண்ணன்காரன் இது. பயந்தா உடம்பு எதைச் சுரக்குமோ, அதை நீங்க வெளிலேர்ந்து தடவிட்டு இருக்கீங்க அக்கா. வயிறு தொங்கறது, ரோமம் கொட்டறது, தண்ணி குடிக்கறது, தைராய்டு கொறைஞ்சது எல்லாம் இதுல வந்ததாத்தான் இருக்கணும்."

"அவளுக்கு ஒரு பயமும் இல்லையே டாக்டர். ராணி மாதிரி வச்சிருக்கேன்."

"ஜூலி பயப்படல. அவ உடம்பு மட்டும் மாசக்கணக்கா பயந்துகிட்டே இருக்கு."

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க மெடிக்கல் ஷாப்காரனைத் திட்டினேன். பிறகு, இன்றைக்கே நிறுத்திவிடுகிறேன் என்றேன். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்தாதீங்க. கொறைங்க. வெளிலேர்ந்து வருதேன்னு அவ உடம்பு சொந்தமா சுரக்கறதை விட்டிருக்கும். சடார்னு நிறுத்துனா அதுவும் இல்லாம இதுவும் இல்லாம போய்டும். கொஞ்சம் கொஞ்சமா, நான் சொல்றபடி." தலையாட்டினேன். என் தலையாட்டலை நம்பியதுதான் அவர் செய்த ஒரே தப்பு.

நான் வேலை பார்ப்பது பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில். மெஷினில் செய்த பாகத்தை அளந்து, கெட்டது என்று தெரிந்தால் சிவப்புத் தொட்டியில் போடுவோம், அவ்வளவுதான். பாதி போட்டு, பாதி வைத்து, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிற பேச்சே கிடையாது. வீட்டுக்கு வந்ததும் டியூபைக் கத்தரியால் நறுக்கி மறுநாள் காலை குப்பை வண்டியில் போட்டேன். வண்டி போகிற வரைக்கும் நின்று பார்த்தேன். விஷத்தை வீட்டைவிட்டு அனுப்பிவிட்ட திருப்தி.

சில நாள் கழித்து, ஒரு காலையில் ஜூலி எழுந்திருக்கவில்லை. வாந்தி. கால்கள் தள்ளாடின. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பினாள். என் கணவர் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார். தலைகூட வாராமல், செருப்போடு ஹாலுக்குள் வந்து, ஜூலி பயப்படுகிறாளா படுக்கிறாளா என்றெல்லாம் பார்க்காமல் முன்காலைப் பிடித்து ஊசியை ஏற்றினார். அவர் அவசரப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஜூலி தண்ணீர்ப் பாத்திரத்துப் பக்கம் தலையைத் திருப்புகிற வரைக்கும் அவள் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கொறைங்கன்னுதானே சொன்னேன்? தூக்கிப் போடுங்கன்னா சொன்னேன்?"

"கெட்டதுன்னு சொன்னீங்களே."

"நல்லதை வேணா சடார்னு செய்யலாம் அக்கா. கெட்டதை மெதுவாத்தான் நிறுத்தணும்" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "காபி இருக்கா?" என்று கேட்டார். காபி போடுகிற சாக்கில் அடுக்களையில் அழுது முடித்தேன். அதற்குத்தான் அனுப்பினார் என்று நினைக்கிறேன்.

எந்த மருந்தைக் குப்பையில் போட்டேனோ அதே வகை மருந்தை மாத்திரையாக, துணுக்குத் துணுக்காகக் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். இந்தத் தடவை பொறுப்பை என் கணவரிடம் கொடுத்தார். நான் ஆட்சேபிக்கவில்லை.

இதற்கிடையில் பீன்யாவில் ஒருநாள், ஆபரேட்டர் ஒருவர் மெஷினிலிருந்து எடுத்த கையோடு ஒரு பாகத்தை அளக்கக் கொண்டுவந்தார். தொட்டாலே சுட்டது. வழக்கம்போல் பிடித்துக்கொண்டேன். "சூட்டோட அளந்தா சைஸ் பெருசாத்தான் காட்டும். எத்தன தடவ சொல்றது? ரூம்ல வச்சு ஆற விடுங்க. நாளைக்குக் காலைல எடுத்தா..." அத்தோடு எனக்கு வாய் நின்றுவிட்டது. "இன்னா மேடம், ஒடம்பு சரியில்லையா?" என்று அவர் கேட்டார். இத்தனை வருஷமாக இதையே சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள், வாயைக் கட்டி, காலைப் பிடித்து, மூத்திரம் போக வைத்து எடுத்த ஒரு அளவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரோடு சண்டை போட்டிருக்கிறேன். மெட்ரோவில் மெஜஸ்டிக் வரும்வரை என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

மாத்திரை முழுவதும் நின்றது. டாக்டர் மேலும் சில வாரம் போகட்டும் என்றார். ஜூலியின் விலாவில் பூனை ரோமம் போல மெல்லியதாக முளைத்திருந்தது, ஆனால் வயிறு இன்னும் முழுசாக இறங்கவில்லை. மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். இந்தத் தடவையும் தைராய்டு குறைவாக வந்தால் சுரப்பியே கெட்டிருக்கிறது என்று அர்த்தம், ஆயுசுக்கும் மாத்திரை. பெரும்பாலும் திரும்பிவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். 'பெரும்பாலும்' என்கிற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தூக்கத்தைத் தொலைத்தேன். ஆசையாகத் தடவித் தடவியே அவள் உடம்பைக் கெடுத்துவிட்டேனா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

"ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் வீட்டுக்கே வரேன்" என்றார் டாக்டர். "எடுக்கற நேரத்துல பயந்தாலும் பெருசா வித்தியாசம் வராதுதான். ஆனா பதறிட்டு இருக்கறப்போ எடுத்த ரத்தத்தை நம்பி ஆயுசுக்கு மருந்து குடுக்க எனக்கு மனசு வராது. என் பழக்கம் அது, விடுங்க."

வந்தார். மட்டன் குழம்பு ஊற்றி நன்றாகச் சாப்பிட்டார். ஹாலில் தரையில் சாய்ந்து உட்கார்ந்து கடலைப் பொட்டலத்தைப் பிரித்தார். ஜூலி அவரை மோந்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பாத்திரம் எடுத்துவைக்க எழுந்தேன், அவளும் எழுந்தாள். நான் திரும்பி வந்தேன், வந்தாள். தூறல் போடுகிறதே என்று கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன், பின்னாலேயே வந்தாள். மீதிக் குழம்பைச் சுடவைத்தேன், அடுப்படி வாசலில் நின்றாள். எங்கும் படுக்கவில்லை. டாக்டர் கண் மட்டும் எங்கள் இருவர் பின்னாலேயே போய் வந்துகொண்டிருந்தது.

"அக்கா, செத்த ஒக்காருங்களேன்."

"இதோ டாக்டர், இந்த அடுப்பை மட்டும் தொடச்சுட்டு..."

"ஜூலி எதுக்கும் பயப்படல அக்கா. உங்களைப் பாத்துதான் இன்னமோ நடக்கப் போவுதுன்னு காத்துட்டு இருக்கா. நீங்க ஒக்காந்தாதான் அவ படுப்பா."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நான் என்ன செய்தேன், எல்லோருக்கும் சோறு போட்டதைத் தவிர? சரி, உட்கார்ந்து காட்டுகிறேன் என்று சோபாவில் விறைப்பாக உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். பிரமாதமான ஒரு பதில் யோசித்துக்கொண்டிருந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. என் கணவர் டிவி சத்தத்தைக் குறைத்தார். அதுவரைதான் ஞாபகம்.

கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. யாரோ எனக்குப் போர்வை போர்த்தியிருந்தார்கள். ஜூலி என் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்காலில் துளிப் பஞ்சு ஒட்டியிருந்தது. டாக்டர் இல்லை. "எடுத்துட்டாங்களா? எப்போ? என்னை ஏன் எழுப்பல?" என்று எழுந்திருக்கப் போனேன். என் கணவர் உதட்டில் விரலை வைத்தார்.

இரண்டு நாளில் போன் வந்தது. "அளவெல்லாம் நல்லா இருக்கு அக்கா. சுரப்பிக்கு ஒண்ணும் இல்ல. மாத்திரை வேணாம்." பழக்க தோஷத்தில், "சரியாப் பாத்தீங்களா டாக்டர்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டுத்தான் அழுதேன். அந்தப் பக்கம் கடலை கடிபடும் சத்தம் கேட்டது. நான் முடிக்கும்வரை அவர் போனை வைக்கவில்லை.

அன்று சாயங்காலம் என் கணவர் வாசலில் உட்கார்ந்து ஜூலிக்குச் சீப்புப் போட்டுக்கொண்டிருந்தார். "ஒண்ணு சொல்ல மறந்துட்டேன்" என்றார். "அன்னைக்கு நீ கண்ணை மூடுன கொஞ்ச நேரத்துலயே இதுவும் வந்து உன் கால்ல சாஞ்சுடுச்சு. டாக்டர் தரையில தவழ்ந்து வந்து எடுத்தாங்க. அப்புறம் கிளம்பறப்போ, அக்கா பகல்ல இப்டித் தூங்கி நீங்க பாத்திருக்கீங்களான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுப் பாத்தேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து பாத்ததில்லைன்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"செருப்பைக் கால்ல போடாம கையில எடுத்துட்டு, கேட்டை சத்தம் வராம சாத்திட்டுப் போனாங்க."